குட்டைக் குழலும் முரண்டு பிடிக்கும் துப்பாக்கியும்

தேசிய மாணவர் படையில் நான் சேர்ந்த அன்று வீட்டில் எல்லாரும் கேட்ட முதற் கேள்வி, "துப்பாக்கி சுடச் சொல்வார்களா?" என்பதுதான். சொல்வார்கள். 1948-இல் தொடங்கிய இப்படையில் 1949 முதல் மாணவியருக்கும் இடம் உண்டு. நமக்குத் தரப்படுவது .22 துப்பாக்கி. குப்புறப் படுத்து, 25 கஜத்துக்கு அப்பாலுள்ள இலக்கைக் குறிபார்த்துச் சுட வேண்டும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து, காலித் தோட்டாவை வெளியேற்றி, மீண்டும் முன்னே தள்ளினால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும்.

இதை நான் வீட்டில் நடித்துக் காட்டியபோது, "சினிமாவில் இழுக்காமலே சுடுகிறார்களே, அக்கா!" என்று கேட்டான் என் தம்பி. அவனுக்குப் பதில் தேடப் போய்த் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

.22 தோட்டாவின் அடிப்புற விளிம்புக்குள்தான் தீப்பற்றும் மருந்து இருக்கிறது. ஊசி அந்த விளிம்பில் அடித்ததும் வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அவ்வாயு ஈயக் குண்டை முன்னே தள்ளுகிறது. அதே நேரத்தில் பித்தளைக் கூட்டைப் பின்னேயும் தள்ளுகிறது. நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதியேதான். நம் பயிற்சித் துப்பாக்கியில் போல்ட் பூட்டியிருப்பதால் அது நகராது. சுடும்போதெல்லாம் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கியில், .22 வகையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் பூட்டே கிடையாது. போல்ட்டின் கனமும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே அதைப் பிடித்திருக்கின்றன. பின்னுக்கு உதைக்கப்படும் போல்ட், காலிக் கூட்டை இழுத்து எறிந்துவிட்டு, வில்லின் விசையால் திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. 1964-இல் அமெரிக்காவில் வெளிவந்த ரூகர் 10/22 என்னும் துப்பாக்கி இவ்வாறே இயங்குகிறது. அதன் குழல் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர்.

குழல் குட்டையானால் என்ன ஆகும்? இதற்குப் பப்பாளிக் காம்பே போதும். நீளக் காம்பில் குன்றிமணியை வைத்து ஊதினால் தெருவைத் தாண்டும். விரல் நீளக் காம்பில் ஊதினால் காலடியில் விழும். காற்று தள்ளுவதற்கு நேரம் கிடைக்கவில்லை அல்லவா? துப்பாக்கியிலும் குண்டு குழலை விட்டு வெளியேறியவுடன் அழுத்தம் சட்டென இறங்கிவிடுகிறது. குண்டின் வேகம் குறையும்போது போல்ட்டுக்குக் கிடைக்கும் உதையும் குறைகிறது. அதற்காகக் குழலை நீட்டிக்கொண்டே போவதிலும் பயனில்லை. இச்சிறு தோட்டாவின் மருந்து சுமார் 40 சென்டிமீட்டருக்குள் பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேல் மிகவும் நீண்டால் உராய்வுதான் மிச்சம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குண்டின் எடை 2.6 கிராம். அது வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் சென்றால், 200 கிராம் போல்ட் ஒன்று வினாடிக்குச் சுமார் 4.3 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். குண்டின் வேகம் 280 ஆனால் போல்ட்டின் வேகம் 3.6 ஆகும். பெரிய வித்தியாசமாகத் தோன்றவில்லை. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஆற்றலில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது! வில்லை முழுவதும் அமுக்க முடியாமல் போல்ட் பாதியிலேயே திரும்பினால் காலிக் கூடு வாயிலில் சிக்கும், அல்லது அடுத்த தோட்டா ஏறாது. உண்மையில் வாயுவின் உதையும் உராய்வும் சேர்வதால் கணக்கு இவ்வளவு எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் குட்டைக் குழல் என்றாலே கோளாறுதானா? இல்லை. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் பயன்படுவது தானே தோட்டா ஏற்றும் .22 கைத்துப்பாக்கி. விதிப்படி அதன் குழல் 153 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ராகி சர்னோபத் 2018-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது இப்போட்டியில்தான். அந்தக் குழலுக்கேற்ற கனமும் வில்லும் வைத்தே அதைச் செய்கிறார்கள். குழலை மட்டும் வெட்டிவிட்டு மற்றவற்றை அப்படியே விடும்போதுதான் துப்பாக்கி முரண்டு பிடிக்கிறது. உரிமமின்றி வெட்டுவது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

என் கருத்தில், குழலின் நீளத்தைவிட அழுக்கும் தோட்டாவும்தான் அதிகம் தொல்லை தருபவை. .22 குண்டு மெழுகோ எண்ணெயோ பூசிய மெல்லிய ஈயம். மெழுகும் கரியும் சேர்ந்து போல்ட்டின் பாதையில் பிசுக்காகப் படிகின்றன. வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டாலோ, நீளக் குழல் துப்பாக்கிகூட நின்றுவிடலாம்.

துப்பாக்கி நின்றால்தான் ஆபத்தே. ஒரு முகாமில் என் அருகே படுத்திருந்த தோழியின் துப்பாக்கி 'டிக்' என்றதோடு சரி, சுடவில்லை. "சார், தோட்டா தீர்ந்துவிட்டது" என்று அவள் துப்பாக்கியோடு எங்கள் பக்கம் திரும்பினாள். பயிற்சியாளர் பாய்ந்து வந்து குழலைத் தரையோடு அழுத்திப் பிடித்தார். சற்றுப் பொறுத்துப் போல்ட்டை இழுத்தபோது உள்ளிருந்து விழுந்தது சுடப்படாத முழுத் தோட்டா. விளிம்பில் ஊசியின் தடம் தெளிவாக இருந்தது. சில தோட்டாக்கள் தாமதித்தும் வெடிப்பதுண்டாம். குழல் இலக்கை நோக்கியே இருக்க, கையை மட்டும் உயர்த்த வேண்டும் என்று அன்று எங்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து பாடம் நடந்தது. தோழி இரவு சாப்பிடவே இல்லை.

சுட்டு முடித்தால் புல்துரூ கயிற்றில் சிந்தித் துணியைக் கோத்துக் குழலைத் துடைக்க வேண்டும். நம் தூத்துக்குடி உப்புக் காற்றில் சைக்கிள் சங்கிலியே ஒரு வாரத்தில் செம்பட்டையாகிவிடும்போது, துப்பாக்கியை விட்டுவைக்குமா?

தம்பி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். இப்போது பப்பாளி மரத்தில் நீளமான காம்பாகப் பார்த்து ஒடிக்கிறான். அம்மா கம்போடு என்னைத்தான் தேடுகிறார்கள்.