சத்தத்தை எந்த இடத்தில் குறைப்பது?

அண்ணன் மகள் பாடிய ஒரு பாட்டுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பின்னணி இசை சேர்த்துக் கொடுத்தேன். தம்புரா, தபலா, வயலின் குழு, பேஸ் கிடார், பியானோ என ஐந்து விர்ச்சுவல் இன்ஸ்ட்ரூமெண்ட்கள். ஹெட்போனில் கேட்டபோது பிரமாதமாக இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் பெரிய ஸ்பீக்கரில் போட்டபோது, தபலா வரும் இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது. குரல் இசைக்குள் அமுங்கிப் போயிருந்தது. தான் பாடிய பாட்டுக்கு மேடையில் ஆடிக் கொண்டிருந்தவள், நடுவில் ஒரு முறை திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்லித் தப்பித்து விட்டேன். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து பார்த்தால் தவறு என்னுடையது. மாஸ்டர் மீட்டர் பூஜ்யத்தைத் தாண்டி 4 டெசிபல் வரை போய்ச் சிவப்பாக எரிந்து கொண்டிருந்தது.

டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. அதற்குக் கீழே உள்ள அளவுகள் எல்லாம் மைனஸில்தான் வரும். ரீப்பர் போன்ற சாப்ட்வேர்கள் உள்ளுக்குள் ஃப்ளோட்டிங் பாயிண்ட் முறையில் கணக்கிடுவதால், தனித்தனி டிராக்கில் சிவப்பு எரிந்தாலும் ஒலி கெடாது. ஆனால் 16 பிட் வேவ் ஃபைலாக மாற்றும்போது, பூஜ்யத்துக்கு மேலே உள்ள அலையின் தலை வெட்டப்பட்டு விடும். நான் கேட்ட கரகர சத்தம் அதுதான்.

இது ஏன் நடக்கிறது? பிளக்-இன் தயாரிப்பவர்கள் தங்கள் வாத்தியம் தனியாக ஒலிக்கும்போது கம்பீரமாக இருக்க வேண்டும் என்றே அளவு வைக்கிறார்கள். கடையில் டிவியை அதிக வெளிச்சத்தில் வைத்துக் காட்டுவது போலத்தான். ஒரே பலமுள்ள இரண்டு வெவ்வேறு வாத்தியங்கள் சேர்ந்தால் மொத்த ஒலி சுமார் 3 டெசிபல் கூடும். நான்கு சேர்ந்தால் 6. ஐந்தையும் அப்படியே சேர்த்தால் மாஸ்டர் நிரம்பி வழியாமல் என்ன செய்யும்?

முதலில் மாஸ்டர் ஃபேடரைக் கீழே இழுத்தேன். சிவப்பு மறைந்தது, ஆனால் குரல் அமுங்கியபடியே இருந்தது. எல்லாமே சமமாகக் குறைந்தால் விகிதம் எப்படி மாறும்?

அடுத்து தபலாவின் வெலாசிட்டியைக் குறைத்தேன். புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. மிடியில் வெலாசிட்டி என்பது 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண். கையின் வேகத்தைக் குறிக்கும். நல்ல பிளக்-இன்களில் மெதுவாக வாசித்ததற்கும் ஓங்கி அடித்ததற்கும் தனித்தனி ஒலிப்பதிவுகள் இருக்கும். எனவே எண்ணைக் குறைத்தால் சத்தம் மட்டும் குறையாது, நாதமே மாறிவிடும். என் தபலா துணியைப் போட்டு மூடியது போல் ஆகிவிட்டது. 'கண்ட்ரோல் இசட்' கொடுத்துப் பழைய நிலைக்கு வந்தேன்.

மிடி வால்யூம் என்று ஒன்றும் உண்டு. அது 7ஆம் எண் கண்ட்ரோலர். ஜெனரல் மிடியில் ஆரம்ப அளவு 100. பரிந்துரைக்கப்பட்ட கணக்குப்படி 127ஐ 64 ஆக்கினால் ஏறக்குறைய 12 டெசிபல் குறையும். ஆனால் எல்லா பிளக்-இன்களும் இந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. சில இதைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் இதை நான் தொடுவதில்லை.

சரியான இடம் பிளக்-இன் ஜன்னலிலேயே இருக்கும் அவுட்புட் குமிழ். டிராக்கின் ஃபேடர் பொதுவாக எஃபெக்ட்களுக்கெல்லாம் பிறகு வருகிறது. வாத்தியத்துக்கு அடுத்து கம்ப்ரஸர் போட்டிருந்தால், ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் கம்ப்ரஸருக்குள் போகும் ஒலி குறையாது. குமிழில் குறைத்தால் குறையும். இன்னொரு வசதியும் உண்டு. ஃபேடர் 0 அருகே நிற்கும்போதுதான் கொஞ்சம் நகர்த்தினால் கொஞ்சம் மாறும். அடிமட்டத்தில் லேசாகத் தொட்டாலே பல டெசிபல் தாவிவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். எல்லா ஃபேடர்களையும் 0வில் வைக்கிறேன். (ரீப்பரில் ஃபேடர் மீது டபுள் க்ளிக் செய்தால் போதும்.) முதலில் குரலை மட்டும் ஓட விட்டு, உச்சம் மைனஸ் 10 அருகே வருமாறு வைக்கிறேன். பிறகு ஒவ்வொரு வாத்தியத்தையும் பாட்டின் மிகச் சத்தமான பகுதியில் ஓட விட்டு, குமிழைத் திருகி உச்சத்தை மைனஸ் 12க்கும் 18க்கும் இடையே நிறுத்துகிறேன். பிரிசெட் மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். சத்தம் அதிகமான பிரிசெட்தான் காதுக்கு நல்லதாகத் தோன்றும், ஏமாந்து விடாதீர்கள்.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். தபலாவின் அடி ஒரு நொடியில் சிறு பங்குதான், மீட்டர் எகிறும், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. தம்புராவும் வயலின் குழுவும் இடைவிடாமல் ஒலிப்பவை. மீட்டரில் அடக்கமாக இருந்தபடியே குரலை விழுங்கிவிடும். என் பாட்டில் குரலை அமுக்கியது வயலின்தான். அதை மட்டும் மேலும் 5 டெசிபல் குறைத்தேன்.

இப்படிச் செய்ததும் மாஸ்டர் மைனஸ் 6ஐத் தாண்டவில்லை. தரம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். கடைசியில் மாஸ்டரில் ஒரு லிமிட்டர் போட்டு, உச்சம் மைனஸ் 1 வரை ஏற்றிக் கொள்ளலாம்.

புதிய பாட்டை அண்ணன் வீட்டு ஹோம் தியேட்டரில் சத்தமாகப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தபலா கொஞ்சம் கம்மியா இருக்கு சித்தப்பா" என்றாள். 2 டெசிபல் ஏற்றினேன், இந்த முறை ஃபேடரில்.