பேக்வெல்: 700 ஆண்டுச் சந்தையும் இளையர்கள் திறந்துவைத்த மலைப்பாதையும்

மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் நம் மாணவர்களில் பலர் லண்டனைச் சுற்றிப் பார்த்ததோடு நாட்டையே பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். ஷெஃபீல்டு, மான்செஸ்டர், நாட்டிங்ஹம் போன்ற நகரங்களில் படிப்பவர்களுக்கு, ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவில் வேறோர் இங்கிலாந்து இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும் சிற்றூர் பேக்வெல்.

ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இங்கு வந்து சேரலாம். டெர்பிஷியர் மாவட்டத்தில், வை என்னும் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரின் மக்கள்தொகை சுமார் 4,000 மட்டுமே. நம் ஊர்களில் சில அடுக்குமாடிக் குடியிருப்புகளிலேயே அத்தனை பேர் வசிப்பார்கள்!

திங்கட்கிழமை சந்தை

பேக்வெல் ஒரு ‘சந்தை ஊர்’. பழங்காலத்தில் இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்ட முடியாது. மன்னரின் அனுமதி வேண்டும். பேக்வெல்லில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே சந்தை நடந்து வருகிறது. இன்றும் திங்கட்கிழமைதான் சந்தை நாள். ஊருக்குள் காய்கறி, பாலாடைக்கட்டி, துணிமணிக் கடைகள் விரிகின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடுமாடுகளின் ஏலம் நடக்கிறது. சுற்றுவட்டாரப் பண்ணையாளர்கள் கூடிப் பேசும் இடமும் அதுதான்.

சந்தைக்கு வருவோர் கடந்துசெல்லும் ஐந்து வளைவுக் கல்பாலம் ஏறத்தாழ 1300ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. இன்றும் அதன்மேல் வாகனங்கள் ஓடுகின்றன. ஊரின் பெயரைத் தாங்கிய ‘பேக்வெல் புட்டிங்’ என்ற இனிப்பையும் சுவைக்காமல் வரக்கூடாது. மாவுத் தட்டின்மேல் பழப்பாகு, அதற்குமேல் முட்டையும் பாதாமும் சேர்த்த கலவை. சமையல்காரர் ஒருவர் செய்முறையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பிறந்த பண்டம் என்று உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள்.

சிங்கப்பூரைப் போல் இரு மடங்கு

பேக்வெல்லைச் சுற்றியிருப்பது பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா. பரப்பளவு சுமார் 1,438 சதுர கிலோமீட்டர். அதாவது சிங்கப்பூரைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பூங்கா என்றதும் வேலி போட்ட தோட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். ஊர்கள், பண்ணைகள், பாறைக் குன்றுகள், மேட்டுநிலங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். பெரும்பகுதி நிலம் தனியாருக்குச் சொந்தம்.

புதிதாகச் செல்வோர் வியப்பது இங்கேதான். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய மதில்கள் வயல்களைப் பிரிக்கின்றன. ஆனால் அந்த மதில்களில் ஆங்காங்கே படிக்கற்களும் சிறு கதவுகளும் இருக்கின்றன. மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் அது பொது நடைபாதை. வயல் யாருடையதாக இருந்தாலும், அப்பாதையில் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆடுகள் மேயும் புல்வெளியின் குறுக்கே நீங்கள் தாராளமாக நடக்கலாம்.

எளிதான நடைக்கு மான்சல் பாதை இருக்கிறது. 1968இல் மூடப்பட்ட ரயில் தடம் அது. இன்று சுமார் 13.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் பயன்படுத்துகிறார்கள். பழைய சுரங்கவழிகளுக்குள்ளேயே செல்லலாம்.

சிறைக்குச் சென்ற இளையர்கள்

ஆனால் மேட்டுநிலங்களில் இந்தச் சுதந்திரம் தானாக வந்ததன்று. 1930களில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றே முழு விடுமுறை. புகை சூழ்ந்த நகரங்களிலிருந்து அவர்கள் நல்ல காற்றைத் தேடி வந்தார்கள். மேட்டுநிலங்களிலோ ‘உள்ளே வராதே’ என்ற பலகைகள்தாம் வரவேற்றன. குரவுஸ் எனப்படும் காட்டுக்கோழியை ஆண்டில் சில நாள்கள் வேட்டையாடுவதற்காக, பெருநிலக்கிழார்கள் அந்நிலங்களை ஆண்டு முழுவதும் மூடி வைத்திருந்தனர்.

1932 ஏப்ரல் 24ஆம் தேதி, ஹேஃபீல்டு என்ற ஊரில் சுமார் 400 பேர் திரண்டனர். பெரும்பாலோர் இளையர்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு வயது 20. கார் பட்டறையில் தொழில் பழகியவர். தடையை மீறி அவர்கள் கிண்டர் ஸ்கவுட் மலைமீது ஏறினர். நிலக்கிழாரின் காவலாளிகளுடன் கைகலப்பு மூண்டது. அத்துமீறி நுழைவது மட்டுமே அன்று குற்றவியல் குற்றமாகாது. ஆகவே கலகம் செய்ததாகவும் தாக்கியதாகவும் வழக்கு தொடரப்பட்டு, ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதங்கள்வரை சிறை கிடைத்தது. ராத்மனுக்கு நான்கு மாதம்.

நடைப்பயணச் சங்கங்களில் சில, இந்தச் செயல் பேச்சுவார்த்தையைக் கெடுத்துவிடும் என்று எதிர்த்ததும் உண்மை. ஆனால் கடுமையான தண்டனை மக்களின் மனத்தைத் திருப்பியது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. அதன் தலைமை அலுவலகம் இருப்பது பேக்வெல்லில்தான்.

கோமகனின் மன்னிப்பு

பேக்வெல்லிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில் சாட்ஸ்வொர்த் மாளிகை இருக்கிறது. டெவன்ஷியர் கோமகன் குடும்பத்தின் இல்லம். 1932இல் கிண்டர் மேட்டுநிலத்தில் வேட்டை உரிமை பெற்றிருந்தது இதே குடும்பம். 70 ஆண்டுகள் கழித்து, 2002இல் நடந்த நினைவு நிகழ்ச்சியில், அன்றைய கோமகன் தம் பாட்டனார் காலத்தில் நடந்ததற்குப் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். அதற்கு ஈராண்டு முன்பு, 2000ஆம் ஆண்டில் வந்த சட்டம், பாதையை விட்டு விலகியும் மலைகளிலும் மேட்டுநிலங்களிலும் நடக்க உரிமை அளித்திருந்தது.

அந்த உரிமைகூட இங்கிலாந்தின் ஏறத்தாழ 8 விழுக்காட்டு நிலத்திற்கே பொருந்தும். மீதமுள்ள இடங்களுக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்று இன்றைய இளையர்களும் குரல் கொடுத்து வருகிறார்கள்.

போகுமுன் சில குறிப்புகள்

உரிமையோடு கடமையும் உண்டு. திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்த கதவை மூடியும் விட்டுச் செல்லுங்கள். இல்லாவிட்டால் பண்ணையாளரின் ஆடுகள் வழிதவறிவிடும். குப்பையைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். மழைச்சட்டையும் நல்ல காலணியும் கட்டாயம் தேவை; கோடையிலும் இங்கு வானிலை சட்டென்று மாறும். கடைசிப் பேருந்தின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் திங்கட்கிழமை செல்லுங்கள். காலையில் சந்தை, மதியம் மலை. அந்தப் பாதையில் கால் வைக்கும்போது, உங்கள் வயதையொத்த சிலர் அதற்காகச் சிறை சென்றதை உடன் வரும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.