சொல் தேடி – 17: மா

‘மாமா மா மா மா?’

மழலை போலத்தான் கேட்கிறது. ஆனால் இது பிழையில்லாத சீன வாக்கியம். ‘அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?’ என்று பொருள். முதல் இரண்டு அசை அம்மா, மூன்றாவது திட்டுவது, நான்காவது குதிரை. கடைசி ‘மா’வுக்குத் தனிப்பொருள் கிடையாது. ‘திட்டுகிறாளா’ என்பதில் நாம் கடைசியில் ஒட்டும் ‘ஆ’ செய்கிற வேலையை அது செய்கிறது. மாண்டரின் கற்கப் போகிறவர்களை முதல் வாரத்திலேயே மிரட்டும் பாடம் இதுதான்.

குரலை உயரத்தில் சமமாக நிறுத்தினால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். தாழ்த்தி, மெல்ல மீட்டால் குதிரை. மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டு. அழுத்தமே இல்லாமல் விட்டுவிட்டால் கேள்வி. இந்த ஏற்ற இறக்கங்களைத் தாளில் குறிக்க 1930இல் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்தவர் யுவான் ரென் சாவ் என்ற மொழியியலாளர். வம்புக்கார மனிதர். ‘ஷி’ என்ற ஒரே அசையை மட்டும் வைத்துச் சிங்கம் தின்னும் கவிஞர் ஒருவரின் கதையை ஏறத்தாழ 90 எழுத்தில் எழுதிவைத்தார். கண்ணால் படித்தால் புரியும். உரக்க வாசித்தால் சீனருக்கே புரியாது.

எழுத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. சீனத்தில் ‘அம்மா’வை எழுத, பெண்ணைக் குறிக்கும் வடிவத்துக்குப் பக்கத்தில் ஒரு குதிரையை நிறுத்துகிறார்கள். கேள்விக்கான ‘மா’வில் ஒரு வாய், பக்கத்தில் குதிரை. திட்டுவதற்கோ இரண்டு வாய், அடியில் குதிரை. அந்தக் குதிரைக்குப் பொருளில் எந்தப் பங்கும் இல்லை. ‘இதை மா என்று வாசி’ என்று சொல்லத்தான் நிற்கிறது.

இந்த இடத்தில் நம்மவர் சிலருக்குக் கை துறுதுறுக்கும். தமிழிலும் மா என்றால் குதிரைதானே, பரிமா என்கிறோமே, ஆகவே சீனத்துக்குத் தமிழே தாய் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். தாய்லாந்துக்காரரும் குதிரையை ‘மா’ என்பது தெரிந்தால் மகிழ்ச்சி இரட்டிப்பாகும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். தமிழ் மா குதிரைக்கு மட்டும் உரியதல்ல, விலங்குப் பொது. சிங்கம் அரிமா, யானை கரிமா. சீன மாவுக்கும் பழைய உருவம் வேறு. ரகரம் கலந்த ‘ம்ரா’ போன்ற ஒலியும், அதன் முடிவில் தொண்டையில் ஓர் அடைப்பும் இருந்ததாக ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் போய் நின்றால் இந்த இரண்டு மாவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது. தாய்லாந்து மொழியிலோ குரல் மாறினால் குதிரை நாயாகிவிடும். சமமாகச் சொன்னால் ‘வா’.

சீன மாவுக்கும் தமிழுக்கும் உண்மையான ஒரு சந்திப்பு உண்டு. அது இலங்கையில் நடந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டொன்றைச் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் பொறித்து இலங்கைக்குக் கொண்டுவந்தார். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்தை, பாரசீகப் பகுதி அல்லாவை. 1911இல் அங்கே காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செங் என்பது அரசர் கொடுத்த பெயர். பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் மா. எழுதுவது அதே குதிரை எழுத்துதான். சீன முஸ்லிம்களிடையே இந்தப் பெயர் மிகுதி. முகமது என்ற பெயரைச் சீனத்தில் எழுதியபோது கிடைத்த அசையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அப்படியானால் அந்தக் குதிரையும் ஒலிக்காக நின்ற குதிரையே.

ஏன் இத்தனை மொழியில் இதே ஒலி? உதட்டை மூடித் திறந்தால் போதும், ‘மா’ வந்துவிடும். பல் முளைக்காத குழந்தைக்கே எட்டுகிற ஒலி. ‘மா’ இல்லாத மொழியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கையில் இருக்கும் பொருளை யாரும் சும்மா விடுவதில்லை. இத்தாலியருக்கு ‘மா’ என்றால் ‘ஆனால்’. பிரெஞ்சுக்காரருக்குப் பெண்பாற் பெயருக்கு முன் வரும் ‘என்’. ஹங்கேரியருக்கு ‘இன்று’. பின்லாந்தில் நீட்டிச் சொன்னால் நிலம், நாடு. வடமொழியில் ‘வேண்டாம், செய்யாதே’. அரபு மொழியில் ‘என்ன’ என்று கேட்பதும் அதுவே, ‘இல்லை’ என்று மறுப்பதும் அதுவே. முடிவில் தொண்டையை ஒரு கணம் அடைத்தால் தண்ணீர்.

தாயைக் குறிக்கும் சொல்லில் உலகெங்கும் மகரம் வருவதற்கு மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் ஒரு விளக்கம் சொன்னார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும்போது மூக்கு வழியாக வரும் முனகல்தான் மகரம். பசித்தால் அதே முனகல் தனியாக வரும். வருபவள் தாய். பெரியவர்கள் அதைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அவர் கையில் இருந்தது மானிடவியலாளர் மர்டாக் திரட்டிய பட்டியல், தாய்க்கும் தந்தைக்குமாக 1072 சொற்கள். விளக்கம் அழகானதுதான். ஆனால் ஜார்ஜியாவில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘தேதா’. நமக்கோ மாமா அம்மாவின் அண்ணனோ தம்பியோ. குழந்தை ஒலியைத்தான் தருகிறது. அதை யார் தலையில் கட்டுவது என்பதை வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஒலி ஒத்தால் உறவு என்று நினைப்பவர்கள் தெலுங்கு ‘மா’வைக் கோட்டைவிடுவார்கள். ‘மா ஊரு’ என்றால் எங்கள் ஊர், கேட்பவருக்கு அதில் பங்கில்லை. இந்த மா நம் ‘எம்’ என்பதன் உடன்பிறப்பு. ‘எம’ என்ற பழைய வடிவத்தில் முன்னுயிர் உதிர்ந்து, பின்னுயிர் நீண்டு ‘மா’ ஆயிற்று. முகம் வேறு, இரத்தம் ஒன்று.

ஓரசை இத்தனை சுமை தாங்கினால் குழப்பம் வராதா? ஒவ்வொரு மொழியும் ஒரு வழி வைத்திருக்கிறது. வியட்நாமியர் ஆறு குரல் வைத்திருக்கிறார்கள். ஒரே அசையில் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என ஆறும் வரும். 1651இல் ரோமில் அச்சான அலெக்சாந்தர் த ரோத் பாதிரியாரின் அகராதியிலேயே இந்தக் குரல்களுக்கு எழுத்தின் மேலும் கீழும் குறி போட்டாயிற்று. நாற்றுக்குரிய ‘மா’வின் அடியில் ஒரு புள்ளி இருக்கும். அதை விட்டுவிட்டால் வயலில் பேயை நட்டதாகிவிடும்.

தமிழில் குரல் பேதம் இல்லை. இருந்தும் ஓரெழுத்தொருமொழி 42 என்று கணக்குச் சொல்கிறது நன்னூல். அதில் மகர வரிசைக்கு மட்டும் ஆறு. அவற்றுள் மிகச் சுமைப்பட்டது மா. மரம், விலங்கு, அரைத்த பொடி, பெரிய, கரிய, நில அளவு, இருபதில் ஒரு பங்கு, எல்லாம் அதன் தலையில். பொடியைத் தமிழ்நாட்டில் மாவு ஆக்கிவிட்டோம். இலங்கையில் இன்னும் கோதுமை மா, பால்மா என்றே கடையில் கேட்கிறார்கள். தஞ்சைப் பக்கம் நிலம் விற்பவர் ‘மூணு மா’ என்பார். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா இன்றைய கணக்கில் சுமார் 33 சென்ட்.

இவற்றைப் பிரித்துக்காட்டும் வேலையைத் தமிழ் புணர்ச்சியிடம் ஒப்படைத்திருக்கிறது. சீனன் குரலால் செய்வதை நாம் அடுத்த சொல் சேரும் இடத்தில் செய்கிறோம். பெரிய என்ற மாவுக்குப் பின் ஒன்றும் மிகாது: மாபெரும், மாகவி, மாபாதகம். அரைத்த மாவுக்குப் பின் வல்லினம் மிகும்: மாக்கோலம். மரமானால் மெல்லினம் தோன்றும்: மாங்காய், மாம்பழம். விலங்கானால்? தொல்காப்பியம் உயிர்மயங்கியலில் மரத்தையும் விலங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே விதி சொல்கிறது. கோடு என்றால் கிளையும் உண்டு, கொம்பும் உண்டு. மாங்கோடு மரத்தின் கிளை. மான்கோடு விலங்கின் கொம்பு. ஒரு மூக்கொலி நாவில் எங்கே படுகிறது என்பதில் மரமும் மிருகமும் பிரிந்துவிடுகின்றன. வல்லினம் மிகுமா மிகாதா என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்யவைத்த ஆசிரியர்கள் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் வகுப்பில் பாதிப்பேர் தூங்கியிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளையை மட்டும் இந்தக் கணக்கில் இழுக்காதீர்கள். பகரம் மிகுந்திருப்பதால் பெரிய பிள்ளை என்றும் சொல்ல முடியாது, அதற்காக மாவில் பிசைந்த பிள்ளை என்றும் சொல்ல முடியாது. அவரை அடுத்த வாரம் தனியாக உபசரிப்போம்.

(தொடரும்)