தினம் ஒரு கோப்பை: ஓர் ஆய்வு நின்ற கதை

தினம் ஒரு கோப்பை மது இதயத்துக்கு நல்லதா? இதற்கு விடை தேடி அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் சுமார் 10 கோடி டாலர் செலவில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 50 வயது கடந்த 7,800 பேரைச் சேர்ப்பது திட்டம். ஒரு சாரார் தினம் ஒரு கோப்பை குடிக்க வேண்டும். மற்றவர்கள் மதுவைத் தொடவே கூடாது. செலவில் பெரும்பகுதியை ஏற்க முன்வந்தவை ஹைனெகன், கார்ல்ஸ்பெர்க், டியாஜியோ முதலான மது நிறுவனங்கள்!

பணம் நேராகக் கைமாறவில்லை. நன்கொடை திரட்டவென்றே உள்ள தனி அறக்கட்டளை வழியாக வந்தது. சட்டம் இதை அனுமதிக்கிறது. கொடுத்தவர் ஆய்வில் கைவைக்காதபடி நடுவில் ஒரு சுவர் இருக்கட்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்தச் சுவர் எழுவதற்கு முன்பே, 2013-14இல், சுகாதார நிறுவன அதிகாரிகளும் ஆய்வாளர்களும் மது நிறுவனத்தாரைச் சந்தித்துப் பேசியிருந்ததை 2018 மார்ச்சில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்டது. நன்கொடை கேட்டுப் போக இந்த அதிகாரிகளுக்கு அனுமதி கிடையாது.

நம்மூர்ப் பத்திரிகைகள் கிரிக்கெட் வாரியச் செய்திகளில் ‘இரட்டை ஆதாயம்’ என்று எழுதுமே, ஒருவரின் பொறுப்பும் சொந்த ஆதாயமும் மோதும் அந்த நிலைதான் இது. அறிவியலில் அதைத் தடுக்க அங்கே 1995 முதல் விதிகள் உண்டு. 2011இல் அவை இறுகின. ஆய்வோடு தொடர்புள்ள நிறுவனத்திடமிருந்து 5,000 டாலருக்கு மேல் பெறும் ஆய்வாளர் அதைத் தன் பல்கலைக்கழகத்திடம் சொல்ல வேண்டும். முன்பு வரம்பு 10,000. பங்குகளை விற்கச் சொல்வதா, நோயாளிகளைத் தேர்வு செய்யும் பொறுப்பிலிருந்து விலக்குவதா என்று பல்கலைக்கழகம் முடிவெடுக்கும். மானியத்தால் பயனடையும் பல்கலைக்கழகமே நீதிபதி என்பது எனக்கு உறுத்துகிறது.

இந்த விதிகள் ஆய்வாளரின் சட்டைப்பையைத்தான் பார்க்கின்றன. மது ஆய்வில் கோளாறு இருந்ததோ வடிவமைப்பில். புற்றுநோய் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகும். அதைக் கண்டறிய இத்தனை பேரும் போதாது, திட்டமிட்ட சில ஆண்டுக் கண்காணிப்பும் போதாது. இதயத்துக்கு நன்மை இருந்தால் தெரியும்; கெடுதல் கண்ணில் படாமலே போகும். செய்தி வெளியான பின் சுகாதார நிறுவனம் அமைத்த விசாரணைக் குழுவும் இதைச் சுட்டிக்காட்டியது. ஆய்வாளர்கள் தங்கள் நேர்மையில் குறையில்லை என்றே வாதிட்டார்கள்.

2018 ஜூனில் சுகாதார நிறுவனத்தின் அன்றைய இயக்குநர் பிரான்சிஸ் காலின்ஸ் ஆய்வை நிறுத்தினார். அதற்குள் சேர்ந்திருந்தவர்கள் 105 பேர்.