முன்னோர் கட்டிய வீட்டில் குளிரும் வெந்நீரும்

இல்லங்களை நாம் அமைதி பெறும் இடங்களாக ஆக்கியதையும், நிழலையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளையும் தன்னுடைய அருட்கொடைகளாகத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16: 80, 81) அல்லாஹ் எடுத்துரைக்கின்றான். ஆகவே கோடையில் வீட்டைக் குளிரச் செய்ய விரும்புவது ஆடம்பரம் அன்று. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் அது தேவையும்கூட. ஆனால் அந்தத் தேவையை எவ்வாறு நிறைவேற்றுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற நம் ஊர்களில் தலைமுறைகளைக் கண்ட வீடுகள் பல உள்ளன. அவற்றின் ஆண்மக்கள் பலர் வெளிநாட்டில் இருக்கின்றனர். விடுமுறையில் வரும் மகன், தாயின் சிரமம் பொறாமல் ஒரே வாரத்தில் இரண்டு ஏசிகளும் ஒரு கெய்சரும் வாங்கி மாட்டிவிட்டு விமானம் ஏறுகின்றார். அன்பின் செயல்தான், ஐயமில்லை. எனினும் அந்தச் சுமையைத் தாங்கவேண்டியது பாட்டனார் காலத்து மின்கம்பி என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வீட்டின் இயல்பை அறிவோம்

பழைய வீடுகள் ஏசி இன்றியே வெப்பத்தைத் தணிக்கும்படி கட்டப்பட்டவை. தடித்த சுவர், உயர்ந்த மச்சு, நடுவே முற்றம். சூடான காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, வாசல் வழியாகப் புதிய காற்று உள்ளே வரும். இன்று மழைக்கும் தூசிக்கும் பயந்து அம்முற்றத்தை ஃபைபர் தகடு போட்டு மூடிவிடுகின்றனர். வெளியேற வழியில்லாத வெப்பம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. பிறகு, வீடு சூடாக இருக்கிறதென்று ஏசி வாங்குகின்றனர்! மூடத்தான் வேண்டுமெனில், தகட்டை உயர்த்தி நான்கு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு அமையுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மச்சில், மர உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் அமைந்து, அதன்மேல் தட்டோடு பதிக்கப்பட்டிருக்கும். தட்டோட்டின் இடைவெளிகளை அடைத்து, கோடைக்கு முன் மாடியில் வெள்ளை அடித்தாலே வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். செலவு சிறிது, பயன் பெரிது. அறையின் உயரத்தைக் குறைக்க ஃபால்ஸ் சீலிங் அமைப்போர், அதற்குமுன் உத்திரங்களின் முனைகளைச் சோதித்துக்கொள்வது அவசியம். கறையானும் கசிவும் மறைப்புக்கு மேலே நமக்குத் தெரியாமல் வளர்ந்துவிடும்.

முதலில் மின்கம்பி

பழைய வீடுகளில் மரச்சட்டத்தின்மேல் ஓடும் கம்பிகளின் உறை காலப்போக்கில் காய்ந்து உதிரும். சில விளக்குகளுக்கும் மின்விசிறிக்கும் போடப்பட்ட அக்கம்பியில் 1.5 டன் ஏசியை இணைத்தால் கம்பி சூடேறும், இணைப்புகள் கருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவோரும் உண்டு. அது காவலாளியின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

உறங்குமுன் விளக்கை அணைத்துவிடுமாறும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக்கூடும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இன்று எண்ணெய் விளக்கு இல்லை. ஆனால் எலி கடித்த மின்கம்பி இருக்கின்றது. எச்சரிக்கையின் நோக்கம் மாறவில்லை.

எனவே ஏசி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வோர் ஏசிக்கும் மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் வேண்டும். வீடு முழுமைக்கும் முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் உயிர் காப்பவை. கூடுதல் மின்பளுவுக்கு மின்வாரியத்தின் அனுமதியையும் பெற்றுவிட வேண்டும்.

எத்தனை டன்?

டன் என்பது கருவியின் எடை அன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஈர்க்குமோ, அந்த ஆற்றலே ஒரு டன். தரையின் பரப்பை மட்டும் பார்த்து வாங்காமல், மச்சின் உயரத்தையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். 14 அடி உயர அறையில் குளிரவேண்டிய காற்று, 10 அடி உயர அறையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கதவிடுக்குகளையும் மரச் சன்னல் இடைவெளிகளையும் அடைக்காவிட்டால் எத்தனை டன் போட்டும் பயனில்லை.

இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டுடன் வரும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 18இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வது வீண்விரயமன்றி வேறென்ன?

ஆண்டுதோறும் காஸ் நிரப்ப வேண்டும் என்று சொல்பவரை நம்பிவிடாதீர்கள். காஸ் எரிந்து தீரும் எரிபொருள் அன்று. மூடிய குழாயில் சுற்றிவருவது. குறைந்துவிட்டதெனில் எங்கோ கசிகின்றது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. ஆர்-22 காஸில் இயங்கும் பழைய கருவியில் ஆர்-32ஐ நிரப்பவும் கூடாது. அது தீப்பற்றும் தன்மையும் மிகுந்த அழுத்தமும் உடையது.

வடிகட்டியை இரு வாரத்திற்கு ஒருமுறை கழுவுவதை வீட்டுப் பெண்களே செய்யலாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று வெளிக் கருவியை அரிக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அவ்வப்போது அதனை நல்ல நீரால் கழுவச் செய்யுங்கள்.

வெந்நீர்

சுபுஹு வேளையில் உளூச் செய்யும் முதியோருக்கு வெந்நீர் பெரும் உதவி. உப்பு நீர் உள்ள ஊர்களில் கெய்சரின் உள்ளே படிவு சேர்ந்து மின்செலவு கூடும். ஆண்டுக்கொருமுறை அதைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். அழுத்தம் மிகும்போது திறக்கும் பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது. காஸ் கெய்சரைச் சன்னலில்லாத குளியலறையில் வைப்பது கொடிய ஆபத்து. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவர் மயங்கி உயிரிழக்க நேரிடும். மாடியில் சூரியவெப்பக் கலன் வைப்போர், உத்திரத்தின் நடுவில் வைக்காது சுவரின் மேலாகப் பாரம் இறங்கும்படி வையுங்கள். 100 லிட்டர் நீரே 100 கிலோ எடையாகும்.

அண்டை வீட்டாரின் உரிமை

நம் அறை குளிர, வெளிக் கருவி வெப்பத்தை வெளியே தள்ளுகின்றது. அது அடுத்த வீட்டுச் சன்னலை நோக்கினால், நம் சுகத்தின் விலையை அவர் கொடுக்கின்றார். பெண்கள் நடமாடும் குறுகிய முடுக்குகளில் கருவியை நீட்டி வைப்பதும், வடிநீரை அங்கே சொட்ட விடுவதும் முறையல்ல. மாடியில் வைத்தால் வெப்பமும் மேலே போகும்; பழுது பார்க்க வருபவரும் பெண்கள் புழங்கும் பகுதிக்குள் வரத் தேவையிராது. வடிநீரைக் குழாய்மூலம் செடிகளுக்கு விடலாம். சுண்ணாம்புச் சுவரில் அது ஊறினால் சுவர் பொரிந்து உதிரும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே! அடுத்த விடுமுறையில் ஏசி கடைக்குச் செல்லுமுன், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து வீட்டைக் காட்டுங்கள். மெயின் சுவிட்ச் எங்குள்ளது, அதை எவ்வாறு அணைப்பது என்பதைத் தாய்க்கும் மனைவிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். முன்னோர் விட்டுச்சென்ற வீடு நம் கையில் உள்ள அமானத். அதை அடுத்த தலைமுறையிடம் பழுதின்றி ஒப்படைக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.