உத்தப்புரத்துச் சுவர்

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ல் கலவரம் நடந்தது. பிறகு ஒரு தரப்பினர் நீளமாகச் சுவர் கட்டினார்கள். பாதுகாப்புக்கு என்றார்கள், அடைபட்டது தலித் மக்களின் பாதை. (சில பள்ளிகளில் கையில் கட்டுற கலர் கயிறும் இதே வேலையைத்தான் செய்யுது!)

2008 மே மாதம் அரசு சுவரில் ஒரு பகுதியை இடித்தது. உடனே கட்டிய தரப்பில் பல குடும்பங்கள் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டன. சில நாள் கழித்துத்தான் திரும்பின. சுவர் இடிஞ்சது, கோபம் இடியல.

2011 அக்டோபரில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மறைக்காமல் பேசினார்கள். தலித் மக்கள் கோயிலில் கும்பிடலாம், கேசுகளை வாபஸ் வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். யார் வீட்டுப் பிள்ளையும் கோர்ட்டுக்கு அலைய வேண்டாமே! நவம்பர் 10-ல் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள்.

பிறகும் அங்கே தகராறு வந்தது. அதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையும் பொய்யாகிவிடும்.