பட்டக்காரரும் அமீனாவும்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் 70 கொண்டையூசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். எண்ணி முடித்த பிறகு, ஊர்ப் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு! நாலைந்து மைல் நடந்தால் அடுத்த நாடு வந்துவிடுகிறது.

விளையாட்டில்லை. சோழர் கல்வெட்டுகளில் 'நாடு' என்றால் பல ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதி. அதன் காரியங்களைப் பார்த்த பெரியவர்கள் 'நாட்டார்'. சமவெளியில் தாலுகாவும் ஜில்லாவும் வந்து அந்தச் சொல்லை விரட்டிவிட்டன. மலைமேல் அது பத்திரமாக இருக்கிறது.

இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஊர் வழக்கை ஊர்க்கவுண்டர் கேட்பார். அவரால் தீராதது பட்டக்காரரிடம் போகும். 'பட்டம்' என்பது நெற்றியில் கட்டும் பொன் தகடு; அரசன் கொடுத்த கௌரவச் சின்னம். தகடு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 'கவுண்டர்' என்பதைக் கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் 'காமுண்டன்' என்று காணலாம். ஊர்த்தலைவன் என்பதே பொருள். சேலம் பக்கத்து மலைகளில் பட்டக்காரருக்கு உதவியாகக் 'கங்காணி' என்றொருவரும் உண்டு. கண்ணால் காண்பவர், அதாவது மேற்பார்வைக்காரர். இதே சொல்தான் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ பேரை நடுங்க வைத்தது.

சமவெளிக் கதை வேறு. 1816-ல் கும்பெனி சர்க்கார் சென்னை ராஜதானியின் கிராமத் தலைவர்களை 'முன்சீப்' ஆக்கி, பத்து ரூபாய் வரையுள்ள வழக்குகளைத் தீர்க்கச் சொன்னது. முன்சீப் அரபுச் சொல். 'நிஸ்ஃப்' என்றால் பாதி. இரு தரப்புக்கும் சமமாகப் பிரிக்கிறவர் முன்சீப். (பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் நினைவு வந்தால் நான் பொறுப்பல்ல.) கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை 1980 நவம்பரில் தமிழக அரசு எடுத்துவிட்டது.

எல்லாவற்றிலும் வேடிக்கை 'அமீனா'தான். கடனுக்கு ஜப்தி செய்ய அவர் வருகிறார் என்றாலே, பித்தளை அண்டாவைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்த பாட்டிமார் உண்டு. அரபு மொழியில் 'அமீன்' என்றால் நம்பிக்கைக்குரியவர்!

சட்டத்தின் முன் பட்டக்காரருக்கு என்ன இடம்? அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி தனிப் பகுதி என்று தமிழ்நாட்டில் எந்த மலையும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே அவர் தீர்ப்புக்குச் சட்ட பலம் கிடையாது. ஊராரின் மதிப்பே பலம். கணவனோடு பிணங்கி வந்த பெண் அந்தச் சபையில் நியாயம் கேட்கலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லும் திண்ணையில் அவளுக்கு இடமில்லை. பட்டக்காரர், கவுண்டர், கங்காணி, முன்சீப், கர்ணம் என்று எதை எடுத்தாலும் ஆண் பிள்ளைக்கென்றே தைத்த சட்டைதான்.

1994-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. 2016-ல் அது சரிபாதியாயிற்று. கொல்லிமலையில் ஒவ்வொரு நாடும் இன்று ஒரு பஞ்சாயத்து. அங்கே வழங்கும் புதிய பட்டம் 'தலைவர்'. அதைச் சூட ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். எழுத்து மாற்ற வேண்டியதில்லை.